மனநல வார்டில் எப்படி விடைபெறுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மாணவி நான். இப்போது மனநல வார்டில் போஸ்டிங். எனக்கு ஒதுக்கப்பட்டவர் மனச்சிதைவு நோயுள்ள ஓர் அம்மா. முதல் வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். எட்டாம் நாள், "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காதில் குரல் கேட்கிறது என்பார். வகுப்பில் சொன்னபடி வாதாடவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. "எனக்கு அந்தக் குரல் கேட்கலம்மா, ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்றேன். கொஞ்சம் அமைதியானார்.

வெள்ளிக்கிழமை போஸ்டிங் முடிகிறது. ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் முன்வைத்த செவிலியர் - நோயாளி உறவுக் கோட்பாட்டில், உறவை முறையாக முடிப்பதும் ஒரு கட்டம். முடியும் நாளை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும் என்று படித்திருந்தும், பேசாதவரிடம் எப்படி என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

இனி எந்த வார்த்தைகளில் சொல்வது? "போயிட்டு வரேன்" என்றால் வருவேன் என்று காத்திருப்பார். "போறேன்" என்று சொல்வது நம் வழக்கத்திலேயே இல்லை. அப்புறம், தன் வளையலைக் கழற்றிக் கொடுக்கப் பார்க்கிறார். மனம் நோகாமல் எப்படி மறுப்பது? இந்த வார்டுகளில் வேலை பார்த்த அக்காக்கள், அண்ணன்கள் நீங்கள் சொன்ன வாக்கியங்களையே எழுதுங்கள், ப்ளீஸ்.