எப்ரோ டெல்டாவுக்கு வராமல் போன வண்டல்

குழு: மன்னார்குடி வீட்டார்

இராமநாதன் பெரியப்பா: கயல், நீ அனுப்பிய படங்களில் வயல் வரப்புக்கும் கடலுக்கும் இடையே தாழ்ந்த மணல் மேட்டையும் கல்லடுக்கையும் தவிர வேறொன்றையும் காணவில்லை. கடலுக்கு அவ்வளவு அருகில் நெல் விளைகிறது என்றால், உவர் ஏறாமல் எப்படிக் காக்கிறார்கள் என்று நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுது.

கயல்விழி: பெரியப்பா, உவரைத் தடுத்து வைத்திருப்பது ஆற்று நீர்தான். ஸ்பெயினின் வடக்கே மலைகளில் தோன்றி 930 கிலோமீட்டர் ஓடிவரும் எப்ரோ ஆறு, கத்தலோனியாவின் தென்கோடியில் மத்தியதரைக் கடலைச் சேருமிடத்தில் ஏறத்தாழ 320 சதுர கிலோமீட்டர் டெல்டாவை உருவாக்கியிருக்கிறது. செர்தா என்ற ஊரிலுள்ள பழைய அணைக்கட்டிலிருந்து இரு கரைகளிலும் பெருவாய்க்கால்கள் பிரிகின்றன. வலக்கரை வாய்க்கால் 1860-இலும் இடக்கரை வாய்க்கால் 1912-இலும் பாசனத்துக்கு வந்தன. ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் நெல் வயல்களுக்கும் அவற்றின் தண்ணீர்தான். ஏப்ரலில் மடை திறந்து வயலில் நீரைத் தேக்குகிறார்கள், செப்டம்பரில் அறுக்கிறார்கள். வயலில் நிற்கும் நன்னீரின் கனம் அடியிலிருக்கும் உவர்நீரை மேலே வரவிடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆற்றில் வரத்துக் குறைந்தாலோ, கடல்நீர் ஆற்றின் அடித்தரையை ஒட்டி ஆப்புப்போல நுழைந்து அம்போஸ்தா நகர் வரை ஏறிவிடுகிறது. மேலே நன்னீர் ஓடிக்கொண்டிருக்க, அடியில் உப்புநீர் நிற்கும்.

அகிலன்: அக்கா, தண்ணீர் முறையாக வருகிறது என்றால் அந்தக் கல்லடுக்கை ஏன் போட்டிருக்கிறார்கள்?

கயல்விழி: தண்ணீர் வருகிறது அகிலா, வண்டல் வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்த டெல்டாவின் துயரம் முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. மேலே மெக்கினென்சா அணை 1966-இலும் அதற்குக் கீழே ரிபரோஜா அணை 1969-இலும் கட்டி முடிக்கப்பட்டன. மெக்கினென்சாவின் பழைய ஊர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதை இங்கே முதியவர்கள் இன்றும் வருத்தத்துடன் சொல்கிறார்கள். முன்பு ஆறு கொண்டுவந்த வண்டலில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கு அந்த நீர்த்தேக்கங்களின் அடியில் படிந்துவிடுகிறது. டெல்டா மண்ணோ தன் எடையால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறுகித் தாழ்வது இயல்பு. வெள்ளம் தோறும் புது வண்டல் படிந்து அந்தத் தாழ்வை ஈடுசெய்து வந்தது. இப்போது ஈடுசெய்ய எதுவும் வருவதில்லை, கடல் மட்டமும் உயர்கிறது. டெல்டாவில் ஏறத்தாழ பாதி நிலம் கடல் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர்கூட உயரமில்லாதது.

இராமநாதன் பெரியப்பா: மேட்டூர் அணை 1934-இல் வந்தபின் நம் வயல்களில் வண்டல் படிவது குறைந்துவிட்டது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் நாம் அதை உரச் செலவாக மட்டுமே பார்த்தோம், நிலமே தாழும் என்ற கோணத்தில் யோசித்ததில்லை. சரி, அங்கே கடல் உள்ளே வந்ததுண்டா?

கயல்விழி: வந்தது, பெரியப்பா. 2020 சனவரியில் குளோரியா என்ற புயல் அடித்தபோது ஏறத்தாழ 3,000 ஹெக்டேர் நெல் வயல்களைக் கடல்நீர் மூடியது. தெற்கே திரபுகதோர் என்றொரு மணல் திட்டு இருக்கிறது. ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் அமைதியான அல்பாக்ஸ் விரிகுடாவுமாக, நடுவில் சில கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் மணல்தான். அதன் முனையிலிருக்கும் புந்தா தெ லா பான்யா தீபகற்பத்தின் உப்பளங்களுக்கு அதன்மீதுதான் வழி. அந்தப் புயலில் திட்டு முழுவதும் நீருக்கடியில் போய்விட்டது. இயந்திரங்களைக் கொண்டு மணலைக் கூட்டித் திரும்பவும் எழுப்பினார்கள். அடுத்தடுத்த புயல்களில் மறுபடி உடைந்தது.

சரஸ்வதி அத்தை: உப்பளம் இருக்கும் இடத்தில் பறவைகள் வருமே, கயல். நம் கோடியக்கரைக்கு வரும் பூநாரைகள் அங்கேயும் உண்டா?

கயல்விழி: பூநாரைகள் அங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன, அத்தை. டெல்டாவை 1983-இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள், 1993-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அவுதுவான் கடற்காகம் என்ற அரிய பறவை 1981-இல் வெறும் 36 சோடிகளாக அந்தத் தீபகற்பத்துக்கு வந்து, பிறகு பத்தாயிரம் சோடிகளுக்கு மேல் பெருகி, உலகிலேயே மிகப் பெரிய கூட்டமாயிற்று. பின்னர் மணல் திட்டின் வழியே நரிகள் உள்ளே நுழையத் தொடங்க, பறவைகள் கூட்டங்கூட்டமாக வேறு கடற்கரைகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டன.

சரஸ்வதி அத்தை: விரிகுடாவில் வரிசையாகத் தெரியும் மரச் சட்டங்கள் எதற்காக?

கயல்விழி: அவை சிப்பி வளர்க்கும் பந்தல்கள், அத்தை. தெற்கே அல்பாக்ஸ், வடக்கே ஃபங்கர் என்ற இரண்டு விரிகுடாக்களிலும் சட்டங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டினார்கள். கறுத்த சிப்பிகள் ஒன்றோடொன்று நாராலே பற்றிக்கொண்டு கயிறே தெரியாதபடி மொய்த்திருந்தன, இடுக்குகளில் சிறு நண்டுகளும் பாசியும் வேறு. வயல்களிலிருந்து வடியும் நீர் இந்த விரிகுடாக்களில்தான் விழுகிறது, அதிலுள்ள சத்தில்தான் சிப்பிகளுக்கு உணவான நுண்பாசி விளைகிறது. ஆனால் நீர் 28 பாகையைத் தாண்டிச் சூடேறினால் சிப்பிகள் மடிகின்றன. 2022 கோடையில் 30 பாகையும் தாண்டியதால் விற்காமல் நின்ற சிப்பியும் அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்த குஞ்சும் சேர்ந்தே அழிந்தன.

அதே வடிகால் நீரால் இன்னொரு உயிர் பிழைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலுக்கு மட்டுமே உரிய, ஒரு மீட்டர் உயரம்வரை வளரும் விசிறிச் சிப்பியை 2016 முதல் ஓர் ஒட்டுண்ணி கடல் முழுவதும் கொன்றுவருகிறது. உப்பு சற்றுக் குறைந்த நீரில் அந்த ஒட்டுண்ணியின் வீரியம் குறைவு. அதனால் அல்பாக்ஸ் விரிகுடாவின் உட்பகுதி விசிறிச் சிப்பியின் கடைசிப் புகலிடங்களில் ஒன்றாக நின்றது. வயலையும் விரிகுடாவையும் தனித்தனியே வைத்துத் திட்டம் போடுபவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பது என் ஆசை.

இராமநாதன் பெரியப்பா: வடிகால் நீரில் பூச்சிமருந்தும் வருமே, அதை விட்டுவிட்டாயே.

கயல்விழி: வரும், பெரியப்பா, அதுவும் உண்மை. 2009-இல் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிள் நத்தை இங்கே பரவிய பிறகு மருந்தின் தேவை கூடியது. வாய்க்கால் சுவரிலும் நெல் தண்டிலும் அதன் முட்டைகள் அடர்ந்த இளஞ்சிவப்புக் கொத்தாக ஒட்டியிருக்கும். அதைக் கொல்ல உழவர்களே வயலுக்குள் கடல்நீரை விட்ட காலமும் உண்டு என்றால், அது எவ்வளவு தொல்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அகிலன்: மக்கள் எதிர்த்துக் கேட்கவில்லையா, அக்கா?

கயல்விழி: தண்ணீருக்காகப் பெரும் போராட்டமே நடந்தது. 2001-இல் இயற்றிய தேசிய நீர்த்திட்டம் ஆண்டுக்கு 105 கோடி கன மீட்டர் எப்ரோ நீரைக் குழாய் வழியே பார்சலோனா, வலென்சியா, முர்சியா, அல்மேரியா பகுதிகளுக்குக் கொண்டுபோக வகைசெய்தது. முடிச்சிட்ட நீலக் குழாயைச் சின்னமாக ஏந்தி, ஆற்றங்கரை மக்கள் பார்சலோனா, மத்ரித், பிரஸ்ஸல்ஸ் வரை ஊர்வலம் போனார்கள். 2004-இல் புதிய அரசு நீரைக் கொண்டுபோகும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த வெற்றியை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் வண்டலைக் கேட்பது அதைவிடக் கடினம், ஏனென்றால் அது யாரோ எடுத்துச்செல்லும் பொருள் அல்ல, அணைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது.

இராமநாதன் பெரியப்பா: அடிமதகைத் திறந்துவிட்டால் வண்டல் தானாக வந்துவிடாதா?

கயல்விழி: அவ்வளவு எளிதாக இல்லை, பெரியப்பா. நீர்ப்பூண்டுகளைப் பெயர்ப்பதற்காக அணைகளிலிருந்து செயற்கை வெள்ளம் விடும் வழக்கம் இருக்கிறது. அதில் தண்ணீர்தான் வருகிறது, வண்டல் வருவதில்லை. வண்டல் மதகுக்கு வெகுதூரம் பின்னால், நீர்த்தேக்கத்தின் தலைமாட்டில் படிந்திருக்கிறது. அதைத் தோண்டியோ குழாயில் சுற்றிவிட்டோ அணையைக் கடத்த வேண்டும். கீழே ஃபிலிக்ஸ் என்ற ஊரில் ஒரு வேதித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு ஆற்றடியில் பெருமளவில் கிடந்து அகற்றப்பட்ட வரலாறும் இருப்பதால், எதைக் கலக்கிவிடுகிறோம் என்ற அச்சம் நியாயமானதே. 2014 முதல் 2018 வரை ஐரோப்பிய நிதியில் நடந்த ஒரு திட்டத்தில் வண்டலை ஆற்றிலும் பாசன வாய்க்காலிலும் கலந்துவிட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். வாய்க்கால் வழியே வயலுக்கே வண்டலைக் கொண்டுபோகலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது உழவர்களின் பழைய அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

இராமநாதன் பெரியப்பா: வாய்க்காலில் வண்டலை விட்டால் தூர்வாரும் செலவு யார் தலையில் விழும் என்பதை முதலில் கேள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல்தான் பல நல்ல யோசனைகள் நின்றுபோயின.

கயல்விழி: கேட்கிறேன், பெரியப்பா. வலக்கரைப் பாசனச் சங்கத்தில் பேசிவிட்டு, அவர்கள் சொல்லும் கணக்கை இங்கேயே எழுதுகிறேன்.