அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பகை: மனசை விட்டுப் போகாத ஒரு மேட்ச் சொல்லுங்க

கொலம்பஸ்காரன்

2006 நவம்பர் 18. ஒஹையோ ஸ்டேட் முதலிடம், மிச்சிகன் இரண்டாமிடம், ரெண்டு டீமும் அதுவரைக்கும் ஒரு மேட்ச்கூடத் தோற்கல. நான் கொலம்பஸ்ல, ஒஹையோ ஸ்டேட்ல மாஸ்டர்ஸ் ரெண்டாவது வருஷம். 42–39, நாங்க ஜெயிச்சோம். எங்க ட்ராய் ஸ்மித் நாலு டச்டவுன் (எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டி பந்தைச் சேக்கறது) பாஸ் போட்டார். ஆனா எனக்கு மனசுல நிக்கிறது மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி நடந்ததுதான்.

முந்தின நாள் காலையில போ ஷெம்பெக்லர் இறந்துட்டார். மிச்சிகனோட பழைய கோச். 1969-ல வந்த முதல் வருஷமே எங்க கோச் வுட்டி ஹேஸை 24–12-னு சாய்ச்சவர். பத்து வருஷம் ரெண்டு பேரும் மல்லுக்கட்டினாங்க: போ 5, வுட்டி 4, ஒண்ணு டிரா. கொலம்பஸ்ல பழைய ஆளுங்க மிச்சிகன்னு வாயால சொல்ல மாட்டாங்க, 'அந்த வடக்கு மாநிலம்'னுதான் சொல்வாங்க.

பெரிய திரையில போவோட படம் வந்தது. எனக்குப் பக்கத்துல அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். ஒரு மணி நேரம் முன்னாடிதான் நீல ஜெர்ஸி போட்டவங்களைப் பாத்து நரம்பு புடைக்கக் கத்திட்டிருந்தார். சிவப்புத் தொப்பியைக் கழட்டி நெஞ்சோட வெச்சுக்கிட்டார். "அவன் வுட்டி கையில வளந்த பையன்"னு என்கிட்ட மெதுவா சொன்னார். உண்மைதான், போ மாஸ்டர்ஸ் படிச்சதும் கோச்சிங் கத்துக்கிட்டதும் எங்க ஊர்லதான். அந்தத் தொப்பி இன்னும் கண்ணுல நிக்குது. எந்தப் பகையில இதைப் பாக்க முடியும்? உங்க அனுபவம் சொல்லுங்க.

ஆன்ஆர்பர்_குளிர்

சகோ, உங்க பதிவு நல்லா இருக்கு, ஆனா ஒத்துக்க முடியல. ஜெயிக்கிற பக்கம் உக்காந்துட்டு மரியாதை காட்டறது சுலபம். தோத்துத் தோத்து மனசு காய்ச்சுப்போகணும், அப்பதான் பகைன்னா என்னன்னு புரியும்.

நான் மிச்சிகன்ல பிஎச்டி சேர்ந்ததுல இருந்து பல வருஷம் எங்க டீம் ஒஹையோகிட்ட ஜெயிக்கவே இல்ல. 2012-ல இருந்து 2019 வரைக்கும் எட்டு தோல்வி. 2016-ல கொலம்பஸ்ல ரெண்டாவது ஓவர்டைம்ல, ஒஹையோவோட நாலாவது முயற்சியில, பந்து முன்னேற வேண்டிய கோட்டைத் தொட்டுச்சா இல்லையான்னு இன்னிக்கும் எங்க வீட்ல சண்டை நடக்குது. தொடல. நான் நூறு தடவை பாத்துட்டேன். 2020-ல கோவிட், மேட்ச்சே இல்ல.

2021 நவம்பர் 27. பனி கொட்டுது. எங்க ஹாசன் ஹாஸ்கின்ஸ் ஒருத்தரே அஞ்சு டச்டவுன். 42–27. கடைசி விசில் அடிச்சதும் கூட்டம் மொத்தமா மைதானத்துல இறங்குது, நானும் இறங்கிட்டேன். என் முன்னாடி ஒரு வயசான அம்மா, மஞ்சள் கம்பளித் தொப்பி, மைதானத் தரையில மண்டி போட்டு பனியை ஒரு கை அள்ளி கோட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள கரைஞ்சிடும்னு அவங்களுக்குத் தெரியாதா? பத்து வருஷம் காத்திருந்தவங்களுக்குத்தான் அது புரியும்.

டெட்ராய்ட்_அண்ணாச்சி

நான் 90-கள்லேருந்து இங்க இருக்கேன். ஒரு தடவை புதுசா வாங்கின சிவப்பு கோட்டோட மிச்சிகன் டீமோட ஊரான ஆன் ஆர்பர் ஸ்டேடியம் போயிட்டேன். கார் நிறுத்தற இடத்துல ஒரு ஒஹையோ குடும்பம் என்னைத் தங்களோட ஆள்னு நினைச்சு கூப்பிட்டு சூடா சூப் குடுத்துச்சு. நான் மிச்சிகன் ஆள்னு சொன்னதும் அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் என்னைப் பாத்தார், அப்புறம் இன்னொரு கரண்டி ஊத்தினார். அவ்வளவுதான் என் கதை.

ஆனா புதுசா படிக்க வந்திருக்கற பிள்ளைங்க சிலதைத் தெரிஞ்சுக்கணும். இந்த மேட்ச் நவம்பர் கடைசி சனிக்கிழமை, பெரும்பாலும் மதியம் 12 மணிக்கு. ஊர்லேருந்து கொண்டுவந்த ஒரு ஸ்வெட்டர் பத்தாது. உள்ளாடை, ஃபிளீஸ், மேல கோட்னு அடுக்கா போடுங்க. கால்தான் முதல்ல விறைக்கும், ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டு, காலுக்கு அடியில ஒரு அட்டைத் துண்டு போட்டுக்குங்க. ஆன் ஆர்பர்ல பை கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, போன், டிக்கெட், கையுறை எல்லாம் பாக்கெட்டுலயே. விதியைக் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க: நாலு முயற்சியில பத்து கஜம் முன்னேறணும், டச்டவுனுக்கு 6 புள்ளி, இது தெரிஞ்சாலே பாதி புரியும். மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம், அதனால முடிஞ்சதும் காரை எடுக்க ஓடாதீங்க, ஒரு மணி நேரம் எங்கயாவது சூடா காபி குடிங்க. அப்புறம் முக்கியமா, கோட் வாங்கறப்ப எந்த ஊர்ல இருக்கோம்னு பாத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்க.

பர்மிங்ஹாம்_அக்கா

மிச்சிகன், ஒஹையோன்னே பேசிட்டிருக்கீங்க. அது ரெண்டு மாநிலத்துச் சண்டை, மேட்ச் முடிஞ்சதும் அவங்கவங்க எல்லைக்குள்ள போயிடலாம். எங்க அலபாமால அது பங்காளிச் சண்டை. பெரிய தொழில்முறை டீம் ஒண்ணும் கிடையாது, பிறந்த குழந்தையிலேருந்து ஒண்ணு ஆபர்ன், இல்ல அலபாமா. ஒரே வீட்ல, ஒரே கட்டில்ல ரெண்டும் இருக்கும். 1907-க்கு அப்புறம் நாப்பத்தொரு வருஷம் ரெண்டு டீமும் ஆடவே இல்லைன்னா பாத்துக்குங்க.

2013 நவம்பர் 30, என் சக ஊழியர் வீட்ல இருந்தோம். அவர் அலபாமா, மனைவி ஆபர்ன். 28–28. கடிகாரத்துல ஒரு செகண்ட் பாக்கி இருக்குன்னு அலபாமா கோச் சேபன் வாதாடி வாங்கினார். 57 கஜத்துலேருந்து ஃபீல்ட் கோல், அதாவது கோல் கம்பங்களுக்கு நடுவுல பந்தை உதைக்கறது. பந்து எட்டல. கோல் கம்பத்துக்கு அடியில நின்ன ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் பிடிச்சு, அந்தக் கோடிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டார். 34–28.

அப்ப என் சக ஊழியர் கையில கத்தி, முன்னாடி தேங்க்ஸ்கிவிங்குக்குச் செஞ்சு மிஞ்சின, பீக்கன் கொட்டை போட்ட 'பை'ங்கற இனிப்பு. பாதி வெட்டியிருந்தார். கத்தி அப்படியே நின்னுடுச்சு. அவர் மனைவி கத்தல. வாயைப் பொத்திக்கிட்டு பின்வாசலுக்கு ஓடி, கதவைச் சாத்திட்டு, வெளியில நின்னு கத்தினாங்க. திரும்பி வந்து கத்தியை அவர் கையிலேருந்து வாங்கி மீதியை அவங்களே வெட்டிக் குடுத்தாங்க.

ஆன் ஆர்பர் தம்பி, தோக்கறதுனால மட்டும் பகை பெருசாகாது. 2010 மேட்சுல தோத்த கோபத்துல ஒரு அலபாமா ரசிகர், ஆபர்ன் ஆளுங்க ஜெயிச்சா கூடற டூமர்ஸ் கார்னர்ல இருந்த ரெண்டு ஓக் மரத்துக்கும் விஷம் வெச்சார். 2013 ஏப்ரல்ல வெட்ட வேண்டியதாப் போச்சு. மரத்து மேல கோபத்தைக் காட்டறது பகையா? தோத்தவனோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட முடியணும்.

காலேஜ் ஸ்டேஷன் 99

முதல் பதிவுல தொப்பின்னு படிச்சதும் கை நடுங்குது. இதை எங்கயும் எழுதினதில்ல.

டெக்சஸ் ஏ அண்ட் எம்-ல, டெக்சஸ் யுனிவர்சிட்டி மேட்சுக்கு முன்னாடி மாணவர்களே மரம் அடுக்கிக் கொளுத்தற வழக்கம். 1999 நவம்பர் 18 விடியக்காலை 2:42-க்கு அந்த அடுக்கு சரிஞ்சது. 12 பேர் போயிட்டாங்க, 27 பேருக்குக் காயம். எங்க ஃபுட்பால் டீம் பசங்களே வந்து கையால மரத்தைத் தூக்கினாங்க. நான் அன்னிக்கு வேலிக்கு வெளியில நின்னேன், உள்ளே விடல. எதுவும் செய்யாம நின்னது இப்பவும் உறுத்துது.

எட்டு நாள் கழிச்சு மேட்ச். நாங்க 20–16 ஜெயிச்சோம். இடைவேளையில டெக்சஸ் பேண்ட் மைதானத்துக்கு வந்து எங்க பசங்களுக்காக வாசிச்சாங்க. முடிச்சிட்டு அத்தனை பேரும் வெள்ளைத் தொப்பியைக் கழட்டினாங்க. அந்த தீயே அவங்களைத் தோக்கடிக்கணும்னு ஏத்தறதுதானே. என் பக்கத்துல இருந்த பையன், செத்தவங்கள்ல ஒருத்தனோட ரூம்மேட், எழுந்து நின்னு அவங்களுக்குக் கை தட்டினான். கூடவே கேலரி முழுக்க எழுந்துச்சு.

2011-க்கு அப்புறம் லீக் மாறினதுல இந்த மேட்சையே நிறுத்திட்டாங்க. பன்னிரண்டு சீசன் ஆடல. 2024 நவம்பர் 30 திரும்ப ஆடினப்ப 17–7 தோத்தோம், அதுக்காக நான் வருத்தப்படல. நிறுத்தினதுதான் தப்பு.

பக்கத்துல இருக்கறவங்க நவம்பர் 18 விடியக்காலை நினைவிடத்துக்குப் போங்க. பன்னிரண்டு வாசல், ஒவ்வொண்ணும் அந்தந்தப் பிள்ளையோட ஊரைப் பாத்து நிக்கும். 2:42-க்குக் கூடுவாங்க.