சேத்தக் ஸ்கூட்டரின் பின்சக்கரம் அடிக்கடி பஞ்சர்: டியூபை மாற்றுவதா, டயரையே மாற்றுவதா?

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1996-இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரைப் பல ஆண்டுகளுக்குப் பின் தூசு தட்டி எடுத்து, திருவெறும்பூரிலிருந்து தில்லைநகரில் உள்ள கடைக்குப் போய்வரப் பயன்படுத்துகிறேன். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்சக்கரம் மட்டும் ஒரே மாதத்தில் நான்கு முறை பஞ்சராகிவிட்டது. நான்கு முறையும் வெவ்வேறு கடைகளில் ஒட்டினேன், ஒருவர் கையிலும் ஆணியோ கண்ணாடித் துண்டோ அகப்படவில்லை. ஒருவர் டியூபை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் டயரையே மாற்றச் சொல்கிறார், தெருமுனையில் இருப்பவரோ டியூப்லெஸ் டயர் போட்டுவிட்டால் தொல்லையே இராது என்கிறார். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) பாதிக்கு மேல் இருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. பார்வைக்கு நன்றாக இருக்கும் டயரைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. ஆனால் சென்ற வாரம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பால்பண்ணை அருகே வரும்போது காற்று இறங்கி, வண்டி பாம்பு போல நெளிந்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது. எதைச் செய்வது சரி?

பட்டறைவாசி:

டியூபா, டயரா என்று முடிவு செய்வதற்கு முன், ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதைப் பாருங்கள். டயரைத் தொடும் வெளிப்பக்கத்தில் இருந்தால் சாலையிலிருந்து ஏதோ குத்தியிருக்கிறது. ரிம்மைத் தொடும் உள்பக்கத்தில் இருந்தால் சாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைக் கேட்காமலே ஒட்டிக்கொடுப்பவர்கள்தான் அதிகம், ஏனெனில் தொட்டித் தண்ணீரில் முக்கினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே தெரியும்; டியூப் டயருக்குள் எப்படிப் படுத்திருந்தது என்பது கழற்றிய மறுகணமே மறந்துபோகும். ஆகவே, டயரைப் பிரிப்பதற்கு முன் வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்ததும் டியூபைப் பழையபடியே டயர் மேல் வைத்துப் பார்த்தால், குற்றவாளி டயருக்குள் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தை உள்ளிருந்து பஞ்சால் துடையுங்கள்; விரலுக்குத் தட்டுப்படாத கம்பி முனைகூடப் பஞ்சின் இழையைப் பிடித்து இழுக்கும்.

நான்கு கடையிலும் எதுவும் அகப்படவில்லை என்கிறீர்கள். எனக்கு ரிம்மின் மேல்தான் சந்தேகம். சேத்தக்கின் ரிம் ஒரே வார்ப்பாக இல்லாமல், இரண்டு பாதிகளை நட்டுப் போட்டுச் சேர்த்தது. பல ஆண்டுகள் நின்ற வண்டியில் அந்தச் சேர்மான இடத்தில் துரு பொரிந்து எழும்பியிருக்கும்; சக்கரம் சுழலச் சுழல அந்தப் பொருக்கு டியூபை அரித்துக்கொண்டே இருக்கும். பாதிகளைச் சேர்க்கும்போது அவசரத்தில் டியூபின் மடிப்பு நடுவே சிக்கியிருந்தாலும் இதே கதைதான்.

பழைய வண்டிப் பித்தன்:

முன்னவர் சொன்னது முழுக்கச் சரி, ஆனாலும் டயரை விட்டுவிடக் கூடாது. பட்டன் இருக்கிறது என்பதாலேயே டயர் நல்ல டயர் ஆகிவிடாது. ஓடிய டயர் தேயும், ஓடாத டயர் காயும். ரப்பரின் நெகிழ்ச்சி போய் இறுகிவிட்டால், பட்டன் முழுதாக இருந்தாலும் மழைநாளில் அது தரையைப் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2315 என்றிருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்தது என்று பொருள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது, தயங்காமல் கழற்றிவிடுங்கள். வெடிப்பை விரலால் அகட்டிப் பாருங்கள். உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதீர்கள்.

காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். இவ்வகை ஸ்கூட்டர்களுக்கு முன்சக்கரத்தில் ஏறத்தாழ 18, பின்சக்கரத்தில் தனியாளாகப் போனால் 25, பின்னால் ஆள் இருந்தால் 36 பவுண்டு வரை வைப்பது வழக்கம். வண்டியோடு வந்த கையேடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பெட்ரோல் பங்கில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே அளவில் அடித்து அனுப்பிவிடுவார்கள். காற்றுக் குறைந்தால் டயரின் இரு ஓரங்களும் தேயும், மிகுந்தால் நடுப்பகுதி தேயும். குறைந்த காற்றில் ஆளேற்றி ஓட்டினால் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகர்ந்து, வால்வின் அடியையும் கிழிக்கக்கூடும்.

தென்றல்_150:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். தெருமுனைக் கடைக்காரரின் யோசனை உங்கள் ரிம்முக்குப் பொருந்தாது, ஏனெனில் இரு பாதிகளுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாகவே காற்று வெளியேறிவிடும். அதற்கென்றே செய்யப்பட்ட வேறு ரிம் போட்டால்தான் டியூப்லெஸ் சரிவரும்.

அடுத்தது உயிர் தொடர்பானது. சக்கரத்தை அதன் நடுவிலுள்ள குடத்தோடு (ஹப்) பிணைக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. இரண்டாவது தொகுதியில் ஸ்பானரை வைப்பதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கிவிட வேண்டும். காற்றோடு அவிழ்த்தால் பாதி ரிம் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் கோடு போட்டு, காற்றை முழுக்க இறக்கி, நானே பிரித்துப் பார்த்தேன். நான்கு ஒட்டுகளும் டியூபின் உள்பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குள், ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. அதற்கு நேரே ரிம்மின் சேர்மானத்தில் துரு அப்பளம் போல உப்பியிருந்தது. விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது. டயரின் எண் 4109. வெடிப்புகளில் நூல் தெரியவில்லை, ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல்லாக இருக்கிறது. ரிம்மைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு, இதே டயரை இன்னும் ஆறு மாதம் ஓட்டலாமா?

பட்டறைவாசி:

2009-இல் வார்த்த டயரில் அம்மாவை உட்காரவைக்க வேண்டாம். டயரையும் டியூபையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ரிம்மை உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு பூசி நன்றாகக் காயவிடுங்கள். தேய்த்தபின் தகடு மெலிந்தோ ஓட்டையாகியோ இருந்தால் ரிம்மையும் மாற்றத்தான் வேண்டும். பழைய டியூபை வளையமாக வெட்டி ரிம்மின் மேல் சுற்றுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, அது மடிந்தால் அந்த மடிப்பே புது டியூபை அரிக்கும். டியூபுக்கு முகப்பவுடர் தூவி, உருண்டை வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்து, பாதிகளைச் சேர்க்கும்போது இடுக்கில் சிக்கவில்லை என்பதைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். முழுக் காற்றை அதன் பிறகுதான் அடிக்க வேண்டும்.

ஓடும்போது மறுபடி பின்சக்கரத்தில் காற்று இறங்கினால் ஆக்சிலேட்டரை விட்டு, ஹேண்டிலை இறுகப் பிடித்து, முன்பிரேக்கை மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். பின்பிரேக்கில் ஏறி மிதித்தால்தான் வண்டி பாம்பாக நெளியும். ஸ்டெப்னியின் எண்ணையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அது அப்பா வாங்கியபோது வண்டியோடு வந்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

காவிரிக்கரையான்:

பார்த்துவிட்டேன் ஐயா. மூன்றே இலக்கம்தான். இரண்டு டயராக வாங்கிவிடுகிறேன்.