சின்ன டிராக்டர் பேக்ஹோவுக்கு எத்தனை அங்குல பக்கெட்? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

உடுமலைப்பேட்டை, தென்னந்தோப்பு:

தோப்புக்குள் சொட்டுநீர் மெயின் லைன் புதைக்க, 30 குதிரைத்திறனுக்கு உட்பட்ட டிராக்டரில் பேக்ஹோ (பின்னால் நீளும் கையின் நுனியில் பக்கெட் வைத்துப் பள்ளம் தோண்டும் கருவி) மாட்டி ஓட்டுகிறோம். மரத்துக்கு மரம் 25 அடி இருந்தாலும், பெரிய மிஷின் உள்ளே வந்து திரும்பினால் வேரும் பாத்தியும் நாசமாகிவிடும். அதனால்தான் சின்ன டிராக்டர்.

வண்டியோடு வந்தது 18 அங்குல அகல பக்கெட். பைப்போ 63 எம்எம், அதாவது இரண்டரை அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 அடி நீளம், இரண்டரை அடி ஆழத்துக்கு 18 அங்குலத்தில் தோண்டினால் 375 கன அடி மண் வெளியே வரும். 12 அங்குலம் என்றால் 250 கன அடி, இரண்டரை யூனிட்தான் (100 கன அடி ஒரு யூனிட்). 9 அங்குலத்தில் இரண்டு யூனிட்கூட வராது. தோண்டுவதை எல்லாம் திரும்ப மூடவும் வேண்டுமே! அகலமாக மூடிய இடம் முதல் மழையிலேயே அமுங்கி, தோப்பு நெடுக வாய்க்கால் மாதிரி கிடக்கும்.

மண் இறுகிக் கிடந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். சிலிண்டரின் பலம் அதேதான். அகல பக்கெட்டில் அது நாலைந்து பற்களுக்குப் பிரிகிறது, குறுகலான பக்கெட்டில் இரண்டு மூன்று பற்களில் மொத்தமாக இறங்குகிறது. எங்கள் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்கல் இருக்கிறது. 18 அங்குலம் அதன்மேல் சுரண்டிக்கொண்டே இருக்கும். வண்டிதான் பக்கெட்டை நோக்கி இழுபடும். 12 அங்குலம் கடித்து எடுத்துவிடும்.

அப்படியானால் 9 அங்குலமே போதுமே என்பீர்கள். தெரிந்தவரிடம் வாங்கி ஓட்டியும் பார்த்தோம். வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் கொஞ்சம் பெரிய கல் வந்தால் வாயில் சிக்கிக்கொள்கிறது. அடியில் உதிர்ந்த மண்ணை வழிக்க மண்வெட்டியை உள்ளே திருப்ப முடிவதில்லை. பைப்பை மேலேயே பசை போட்டு ஒட்டி இறக்கிவிடலாம், சரி. கேட் வால்வு, டீ (பைப் கிளை பிரியும் மூட்டு) வரும் இடத்தில் ஆள் உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும். அங்கே பக்கத்தில் இன்னொரு வெட்டு போட வேண்டியிருந்தது. மோட்டார் கேபிளுக்கு மட்டும் என்றால் 9 அங்குலத்தைத் தாராளமாக எடுங்கள். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு 12க்கு.

கோவில்பட்டி:

அண்ணே, செம்மண்ணுக்கு நீங்கள் சொல்வது சரி. கரிசலில் அகலத்தைவிட வடிவம் முக்கியம். எங்களிடம் இருந்த குறுகலான பக்கெட் பெட்டி மாதிரி நேர் சுவர் உள்ளது. ஈரக் கரிசல் உள்ளே போனால் கொழுக்கட்டை மாவு அச்சில் ஒட்டுவது மாதிரி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு விரித்தாலும் விழாது. இறக்கி வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கடப்பாரையால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அடுத்த குத்துக்கு மறுபடியும் அதே கதை.

பிறகு பட்டறையில் கொடுத்து, வாய் 12 அங்குலம், பின்பக்கம் 10 அங்குலம் வருகிற மாதிரி சரிவு வைத்துக் கட்டினோம். அடி மூலைகளையும் வளைத்துவிட்டார்கள். இப்போது மண் தானாக விழுகிறது. வாயின் இரண்டு ஓரத்திலும் பக்கத்தகடு வைப்பதும் அவசியம். பள்ளம் பக்கெட்டின் உடம்பைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டப்படுவதால் பக்கெட் சுவரில் உரசாது. என்னதான் பக்கெட் நன்றாக இருந்தாலும் மழை விட்ட கையோடு இறங்காதீர்கள். பதம் வரட்டும்.

வேதாரண்யம்:

எங்கள் பக்கம் மணல். இங்கே குறுகலான பக்கெட்டால் லாபமே இல்லை. கீழே 9 அங்குலம் வெட்டினாலும் மேலே சரிந்து சரிந்து மூன்று அடி ஆகிவிடும். 18 அங்குலத்தை வைத்து ஒரே வீச்சில் அள்ளிவிட்டு, உடனே பைப்பை இறக்கி மூடுகிறோம்.

இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். இடுப்பளவு ஆழத்திலேயே எங்களுக்கு ஒரு பக்கச் சுவர் அப்படியே இடிந்து விழுந்தது. அந்த நேரம் உள்ளே ஆள் இல்லை. மணல் பள்ளத்துக்குள் யாரையும் இறக்காதீர்கள். எந்த மண்ணாக இருந்தாலும் எடுத்த மண்ணைக் கரையை ஒட்டிக் கொட்டாமல் இரண்டு அடியாவது தள்ளிக் கொட்டுங்கள். அந்தப் பாரமே கரையைச் சரித்துவிடும்.

திண்டிவனம், புது உறுப்பினர்:

பழைய 12 அங்குல பக்கெட் ஒன்று விலைக்கு வருகிறது. என் வண்டிக்குச் சேருமா என்று எப்படிப் பார்ப்பது?

உடுமலைப்பேட்டை:

தம்பி, டேப்பும், உங்கள் பழைய பக்கெட்டின் பின் (பக்கெட்டைக் கையோடு கோக்கும் இரும்பு உருளை) ஒன்றும் கையோடு கொண்டுபோங்கள். பின் கனம், இரண்டு பின்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், இரண்டு காதுகளுக்கு (பின் நுழையும் ஓட்டையுள்ள தகடுகள்) நடுவே உள்ள இடைவெளி என்று மூன்றையும் அளக்க வேண்டும். பின் கனத்தில் சிறிய வித்தியாசம் இருந்தால் புஷ் (ஓட்டைக்குள் செருகும் வளையம்) போட்டுச் சரிசெய்துவிடலாம். மையத் தூரம் மாறினால் வேண்டாம், விட்டுவிடுங்கள். பக்கெட் முழுசாக மடங்காது, இல்லையென்றால் முழுசாக விரியாது. அள்ளிய மண் பாதி வழியிலேயே கொட்டும்.

காது ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பட்டறைச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் பேச வேண்டும். காதும் பல்லும் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.