எம்.பி.ஏ. எச்.ஆர். முடித்தாச்சு, அனுபவம் இல்லை. எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது?

கேள்வி: கேம்பஸில் வந்ததெல்லாம் சேல்ஸ் வேலைதான். நௌக்ரியில் ‘எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ்’ என்று போட்டால் எல்லாமே 2 வருட அனுபவம் கேட்கிறது. சென்னைப் பக்கம் எப்படி உள்ளே நுழைவது?

டைம்ஆபீஸ்: தேடும் சொல்லை மாற்றுங்கள். ‘டைம் ஆபீஸ்’ (வருகைப் பதிவு வேலை), ‘பேரோல் அசிஸ்டன்ட்’ (சம்பளக் கணக்கு வேலை), ‘ஸ்டாச்சுட்டரி கம்ப்ளையன்ஸ்’ (பி.எஃப். போன்ற சட்டப்படியான கடமைகளைக் கவனிக்கும் வேலை) என்று தேடுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் ஆலைகளிலும், அவற்றுக்கு ஆள் தரும் கான்ட்ராக்டர்களிடமும் இந்த வேலைகள் இருக்கின்றன. பெயரில் பவுசு கிடையாது. ஆனால் அனுபவச் சான்றில் பேரோல் என்று வந்துவிடும், அடுத்த வேலைக்கு அதுதான் முக்கியம்.

இன்டர்வியூவில் தியரி அதிகம் கேட்க மாட்டார்கள், பேப்பரைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து மாதம் 14,000, வேறு படி இல்லை என்றால்: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12% = 1,680, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75% = 105, கைக்கு 12,215. முதலாளி பங்கும் 1,680தான், அதில் 8.33%, அதாவது 1,166, பென்ஷனுக்கும் மீதி 514 பி.எஃப்.புக்கும் போகும். ஈ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25% = 455.

பலர் சறுக்கும் இடம் இரண்டு. 18,000-க்கு முழுசாக பி.எஃப். பிடித்தாலும் பென்ஷன் பங்கு 15,000-க்குத்தான், அதாவது 1,250; மீதி 910 பி.எஃப்.புக்குப் போகும். இன்னொன்று, ஜூனில் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. உடனே நிற்காது, செப்டம்பர் வரை பிடிக்க வேண்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்.

எக்செல்_பித்தன்: கணக்கு தெரிந்தும் எக்செல் டெஸ்டில் தோற்றுப் போகிறவர்கள் உண்டு. பயோமெட்ரிக் மெஷினிலிருந்து வரும் வருகைப் பதிவில் எம்ப்ளாயி எண் ‘00412’ என்று டெக்ஸ்டாக இருக்கும், சம்பள ஷீட்டில் 412 என்று எண்ணாக இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்க வி-லுக்கப் ஃபார்முலா போட்டால் வரிசையாக எர்ரர்தான். முதலில் இரண்டையும் ஒரே வகையாக மாற்றுங்கள். 50 பேருக்கு ஒரு மாதச் சம்பள ஷீட்டை நீங்களே போட்டு, லாஸ் ஆஃப் பே (விடுப்புக்கான சம்பளப் பிடித்தம்), ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எல்லாம் சேர்த்துப் பாருங்கள். ரெஸ்யூமில் ‘டீம் பிளேயர்’ வரியை எடுத்துவிட்டு இதை எழுதலாம்.

கேள்வி கேட்டவர்: லேபர் கோடு (புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்) பற்றியும் கேட்பார்களா?

டைம்ஆபீஸ்: கேட்பார்கள். நான்கு கோடுகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன. இரண்டு விஷயமாவது தெரிந்திருக்கட்டும்: ‘ஊதியம்’ என்ற கணக்கில் சேராத படிகள் (வீட்டு வாடகைப் படி போன்றவை) மொத்தச் சம்பளத்தில் 50%-ஐத் தாண்டினால் தாண்டிய தொகை ‘ஊதிய’த்தில் சேரும், வேலையை விட்டவருக்கு 2 வேலை நாளில் ஊதியப் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

பாரிமுனை: ஒரே ஒரு எச்சரிக்கை. ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங் என்று முன்பணம் கேட்கும் கன்சல்டன்சி பக்கமே போக வேண்டாம். ஆஃபர் வந்தால் ஆன்ரோலா (கம்பெனியின் நேரடி ஊழியர்), கான்ட்ராக்டர் ரோலா (கான்ட்ராக்டரின் ஊழியர்) என்று கேளுங்கள். கான்ட்ராக்டர் ரோல் என்றாலும் சேரலாம், ஆனால் முதல் மாதத்துக்கான பி.எஃப். யூ.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். போன மாதப் பணத்தைக் கட்டக் கடைசி நாள் 15. அதனால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்கு மேல் பாருங்கள்.