மறு: எபிடியூரலுக்குப் பின் வரும் தலைவலிக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். தாய்மாருக்காக நாம் அச்சிடும் வரைவில் இந்தத் தலைவலிக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'நீர்க்கசிவுத் தலைவலி' எளிமையாக இருக்கிறது, காரணமும் விளங்குகிறது. இதையே வைத்துக்கொள்ளலாம்.

காரணம் விளங்குகிறது, சரி. பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் என்ற மரப்பூசி போடும்போது, ஊசி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். ஒரு நூலளவு கூடுதலாக உள்ளே போனாலும் சவ்வில் துளை விழுந்துவிடும். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி நேர்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி வருகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் மொத்தமே 150 மில்லி அளவுதான். அது துளை வழியாக ஒழுகுவதால், எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும்.

ஆனால் 'நீர்' என்ற சொல்லை நம் வீடுகளில் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? என் அண்ணிக்கு இரண்டாவது பிரசவத்தில் இது வந்தது. "படுத்தா ஒண்ணுமில்ல, எந்திரிச்சா மண்டை கழண்டு விழுற மாதிரி இருக்கு" என்றார். பார்க்க வந்த பெரியம்மா, "தலைக்கு ஊத்துனதுல நீர் கோத்துக்கிச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்க உட்கார வைத்துவிட்டார். உட்கார வைத்ததுதான் வம்பு! நீர் குறைந்து வந்த வலிக்கு, நீர் கூடிப்போனதற்கான வைத்தியம். 'நீர்க்கசிவு' என்று அச்சிட்டுக் கொடுத்தால் பெரியம்மா அதை நீர்க்கோவையின் தம்பி என்றுதான் எடுத்துக்கொள்வார். நீரை விட்டுவிட்டு 'கசிவுத் தலைவலி' என்றால் இன்னும் மோசம். 'மூளையில் இரத்தக் கசிவு' என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்கள் அலறிவிடுவார்கள்.

> உறைத்துளைத் தலைவலி?

உறை என்பது அந்தச் சவ்வுதான், பொருள் சரி. ஆனால் கண் இதை 'உறைத்து உளை' என்று பிரிக்கிறது, குழம்பு உறைத்து வயிறு உளைந்த மாதிரி. தண்டுவட உறையைத் 'தண்டுறை' என்று சுருக்கினாலோ சங்கப் பாட்டின் மருதத்திணைத் தலைவன் 'தண்டுறை ஊரன்' வந்து நிற்கிறான்.

என் பரிந்துரை 'சவ்வுத்துளைத் தலைவலி'. காதுச் சவ்வு கிழிந்ததாகச் சொல்லாத ஊர் இல்லை, அதனால் சவ்வு யாருக்கும் புதிதல்ல. காதோடு குழம்பாமலிருக்க, முதல் முறை மட்டும் 'தண்டுவடச் சவ்வு' என்று விரித்து எழுதிவிடலாம்.

அப்புறம், சிகிச்சைக்கு 'குருதித் திட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். திட்டு வேண்டாம், ஏற்கெனவே வலியில் இருப்பவர்! கையிலிருந்து எடுத்த சொந்த இரத்தத்தை 20 மில்லி வரை துளைக்கு அருகே சவ்வுக்கு வெளியே செலுத்துகிறார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கிறது. 1960இல் மருத்துவர் கோர்ம்லி இதை முதலில் செய்தபோது இரண்டு மூன்று மில்லிதான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியதைப் பார்த்தவருக்கு 'குருதியொட்டு' என்றால் போதும். அண்ணிக்கும் அதைத்தான் போட்டார்கள். அன்று மாலையே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார்.

சொல்லுக்கு வெளியே ஒரு திருத்தம். வரைவில் 'தடுப்பு' என்ற தலைப்பின் கீழ் 'ஒரு நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் வராது' என்று இருக்கிறது. எடுத்துவிடுங்கள். படுத்தால் வலி தணியும், ஆனால் வராமல் தடுக்காது. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் தடுக்காது. 1898இல் தன் முதுகிலேயே ஊசி போடச் செய்து சோதித்த ஜெர்மானிய மருத்துவர் பியர், எழுந்தாலே தலைவலி திரும்பியதால் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். தடுப்பு பெரும்பாலும் ஊசி பிடிக்கிற கையில்தான் இருக்கிறது. சிசேரியனுக்குப் போடும், சவ்வைத் துளைத்தே மருந்து செலுத்தும் ஸ்பைனல் ஊசியில் மெல்லிய பென்சில்முனை ஊசிகள் வந்தபின் இந்தத் தலைவலி நன்றாகக் குறைந்தது. எபிடியூரலிலோ ஊசிக்குள் மருந்து செல்லும் குழாய் நுழைய வேண்டும். ஊசி தடிமன், தவறினால் துளையும் பெரிது. இதில் தாய் செய்யக்கூடியது, ஊசி போடும்போது அசையாமல் இருப்பதுதான்.

ஆகவே அந்தத் தலைப்பை 'எப்போது உடனே சொல்ல வேண்டும்' என்று மாற்றலாம். படுத்தும் அடங்காத வலி, பார்வை மங்கல், வலிப்பு, காய்ச்சல் எல்லாம் அங்கே வரட்டும். பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலி எல்லாம் சவ்வுத்துளையால் வருவதல்ல, இரத்த அழுத்தமும் காரணமாக இருக்கலாம்.

'குருதியொட்டு' ஒட்டு மாங்கன்றை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சகத்துக்குப் போகிறது.