புதுப்பிப்பு: மழைக்காட்டுச் சேற்றுக்கு பூட்ஸ் கேட்டிருந்தேனே, நடந்து வந்துவிட்டேன்

கையைக் கடிக்காத விலையில் எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வாட்டர்ப்ரூஃப் என்றீர்கள், மீதிப் பேர் அது மட்டும் வேண்டாம் என்றீர்கள். இரண்டாவது கட்சியை நம்பி, மெஷ் (தண்ணீர் வடியும் வலைத்துணி) வைத்த சாதாரண ஜோடி வாங்கினேன். நான்கு நாள் நடை.

வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரி. முதல் ஓடையிலேயே முழங்கால் வரை தண்ணீர். நண்பனுடையது உள்ளே சவ்வு வைத்த வாட்டர்ப்ரூஃப். மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நாள் முழுக்க சளக் சளக். என்னுடையதில் கொஞ்ச தூரத்திலேயே நுரைத்துக்கொண்டு வடிந்துவிடும். ஈரம் இருக்கும், குளம் இருக்காது.

அடிப்பாகத்தில் பள்ளம் 5 மி.மீ. இருந்தது, பிடிமானத்துக்கான ரப்பர் கட்டைகளுக்கு நடுவே நல்ல இடைவெளியும். சேறு தானாக உதிர்ந்தது. பாசிப் பாறையில் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன்.

என் முட்டாள்தனம் ஒன்று: இரவு நெருப்பருகே காயவைத்தேன். காலையில் பசை விட்டு முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. மிச்ச தூரம் கயிறு கட்டித்தான் நடந்தேன். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்திருந்தால் போதும். பருத்திக் காலுறையும் வேண்டாம், இரண்டு கொப்புளம் அதன் உபயம்.